துணி சுற்றிய துப்பாக்கி

ஆவடிப் பக்கம் தந்திக் கம்பியை எவனோ அறுத்துவிட்டான். அறுத்தவன் எங்கேயோ நிம்மதியாக இருந்தான். தண்டோராக்காரன்தான் ஊர் ஊராக வந்து மற்றவர்கள் உயிரை வாங்கினான். நாற்பத்திரண்டாம் வருஷம், ஆவணி மாசம் அது.

உத்தரவு இதுதான். லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கிறவர்கள் எல்லாரும் வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறு மணிக்குள் பூந்தமல்லி போலீஸ் ஸ்டேஷனில் அதை ஒப்படைத்துவிட வேண்டும். மருந்து போடாமல், தோளில் சாத்தி, நாலு பேர் கண்ணில் படும்படி, சர்க்கார் பாதையிலேயே கொண்டுவர வேண்டும். வயல்வழி, தோப்புவழி என்று ஒதுங்கினாலும் சரி, துணியில் மறைத்தாலும் சரி, பார்த்த இடத்திலேயே கைது. யுத்த காலம், ஜாமீன் கிடையாது.

அம்பத்தூர் வீரராகவனிடம் ஒற்றைக்குழல் துப்பாக்கி ஒன்று இருந்தது. கடலைக் கொல்லையில் பன்றி விரட்ட வாங்கியது. லைசென்ஸ் அவர் பேரில் இருந்தாலும் அவர் அதைத் தொட்டது வாங்கிய அன்று மட்டும்தான். சத்தம் கேட்டால் அவருக்கே படபடப்பு. அதைச் சுமந்தவன், சுட்டவன், துடைத்து வைத்தவன் எல்லாம் அவரிடம் பண்ணை வேலை பார்த்த வேம்புலிதான். தூக்கிச் செல்லும் ஆள் என்று லைசென்ஸிலும் அவன் பேர் எழுதியிருந்தது.

வெள்ளிக்கிழமை மத்தியானம் வரைக்கும் வீரராகவன் யோசித்தார். பிறகு கால்வலி வந்துவிட்டது. நல்ல சமயம் பார்த்து வருகிற கால்வலி அது.

"வேம்புலி, நீயே போய்க் குடுத்துட்டு ரசீது வாங்கிகினு வந்துடு."

"அண்டையூர்த் தெரு வழியா இல்ல ஆண்டே போவணும்?"

வீரராகவன் முழங்காலைத் தேய்த்துக்கொண்டார்.

வேம்புலி கேட்டதில் விஷயம் இருந்தது. பூந்தமல்லிக்குப் போகும் சர்க்கார் பாதை, கூவம் ஆற்றைத் தாண்டுவதற்கு முன் பக்கத்து ஊர் ஒன்றின் நடுத்தெருவுக்குள் புகுந்து போகிறது. அந்தத் தெருவில் சேரிக்காரர்கள் தோளில் எதையும் வைத்துக்கொண்டு நடக்கக் கூடாது. துண்டைக்கூட எடுத்து இடுப்பில் கட்டிக்கொள்ள வேண்டும். அதனால் வேம்புலியைப் போன்றவர்கள் பிறந்த நாளிலிருந்து வயல் வரப்பில் சுற்றித்தான் போவார்கள். இன்றைக்கு வரப்பில் போனால் போலீஸ் பிடிக்கும்.

வேம்புலியின் பெண்சாதி அங்கம்மாவுக்கு எட்டாம் மாசம். "ராவுக்குள்ள வந்துடுவியா?" என்று கேட்டாள்.

"வராம எங்க போறேன்?"

ஒருவேளை அந்த ஊர்க்காரர்கள் மத்தியானத் தூக்கத்தில் இருப்பார்கள். ஒருவேளை துப்பாக்கியைப் பார்த்தால் சர்க்கார் விஷயம் என்று விட்டுவிடுவார்கள். இப்படி நாலைந்து ஒருவேளைகளை நினைத்துக்கொண்டு, துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு நடந்தான். வெயில் மண்டையைப் பிளந்தது. வழியில் எதிர்ப்பட்டவர்கள் ஒதுங்கி நின்று பார்த்தார்கள்.

அந்தத் தெருவுக்குள் அவன் காலெடுத்து வைத்தபோது மணி நாலரை இருக்கும். யாரும் தூங்கவில்லை. பாதித் தெருகூடத் தாண்டியிருக்க மாட்டான்.

"டேய்! நில்லு."

நாகேந்திரன் என்று பேர். அந்த ஊரில் பெரிய கை, அம்பத்தூர் வரைக்கும் தெரிந்த ஆள். மளிகைக்கடை வாசலில் நாலைந்து பேரோடு நின்றிருந்தான். வேம்புலியை விட இரண்டு மூன்று வயது சின்னவனாகத்தான் இருப்பான்.

"எந்த ஊர்டா நீ? தோள்ல இன்னாடா?"

"அம்பத்தூருங்க. வீரராகவன் ஆண்டேயோட ஆளு. துப்பாக்கிய பூந்தமல்லி ஸ்டேசன்ல ஒப்படைக்கப் போறேங்க. தண்டோரா போட்டாங்களே."

"மருந்து கீதா உள்ளே?"

இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அத்தனை பேரும் கடைக்குள் போயிருப்பார்கள். அவன்தான் ராஜசேவை செய்கிறவன் மாதிரி உண்மையைச் சொன்னான்.

"இல்லீங்க. காலி."

நாகேந்திரனுக்கு உடனே தைரியம் வந்துவிட்டது. கிட்டே வந்தான்.

"அப்ப எறக்கு."

"தோள்லதான் வெச்சிகினு வரணும்னு சர்க்கார் உத்தரவுங்க."

"சர்க்கார் பூந்தமல்லியில கீது. இது எங்க தெரு. துணியில சுத்தி அக்குள்ல இடுக்கிகினு போ."

"மறைச்சா புடிச்சி உள்ள போட்டுடுவாங்க, சாமி."

"தோள்ல வெச்சா இங்கயே கால ஒடிச்சிடுவோம். எது வோணும்?"

பின்னாலிருந்து ஒருவன் கடைக்குள் கையை விட்டு உலக்கை ஒன்றை எடுத்தான். சும்மா மிரட்டுகிறான் என்று நினைக்க முடியவில்லை. போன தையில் இதே தெருவில் செருப்போடு நடந்த ஒருவன் இன்னும் நொண்டிக்கொண்டிருக்கிறான்.

வேம்புலி திரும்பிப் பார்த்தான். வந்த வழியே போய் வேறு சர்க்கார் பாதை பிடிப்பதென்றால் ஆறு மணிக்குள் நடக்காது. தெரு முனை கண்ணுக்குத் தெரிந்தது. ஐம்பது அறுபது அடி இருக்கலாம். முனை தாண்டியதும் பிரித்துத் தோளில் வைத்துவிட்டால் ஒரு குருவிக்கும் தெரியாது.

இடுப்பிலிருந்த துண்டை அவிழ்த்துத் துப்பாக்கியைச் சுற்றினான். கட்டைப் பக்கம் போதவில்லை. தெருவுக்குள் நுழையுமுன் கழற்றி இடுப்பில் செருகியிருந்த தலைத்துணியையும் உருவிச் சுற்றிக் கட்டி, அக்குளில் இடுக்கிக்கொண்டான்.

"இப்ப போ," என்றான் நாகேந்திரன். யாரோ சிரித்தார்கள்.

ஓடவும் கூடாது, மெதுவாக நடக்கவும் முடியாது. வேம்புலி தரையைப் பார்த்துக்கொண்டே போனான். இன்னும் இருபது அடி. பத்து அடி. முடிச்சை அவிழ்க்க விரல் போய்விட்டது.

முனையில் பட்டாள லாரி ஒன்று திரும்பி நேராக அவன் எதிரில் வந்து நின்றது.

மேலே பத்துப் பன்னிரண்டு சிப்பாய்கள், எல்லார் கையிலும் துப்பாக்கி. முன்னால் சுபேதாரும் பக்கத்தில் பூந்தமல்லி ஏட்டு ராஜசேகரனும். வேம்புலியின் விரல் முடிச்சிலேயே இருந்தது. இப்போது பிரித்தால் சுட எடுக்கிறான் என்று நினைப்பார்கள். பிரிக்காவிட்டால் மறைத்துக் கொண்டுபோகிறவன். ஓடினால் முதுகில் குண்டு.

"யோவ், அது இன்னா மூட்டை?" ஏட்டுதான் கேட்டார்.

ஒரு சிப்பாய் துப்பாக்கியைத் தூக்கி அவன் மார்புக்கு நேராக வைத்தான். அந்தக் குழலின் ஓட்டையை அவனால் பார்க்காமல் இருக்க முடியவில்லை. எத்தனை பன்றிக்கு நேராக அவன் பிடித்திருப்பான். இந்தப் பக்கம் நின்று பார்த்தது இன்றைக்குத்தான்.

மெதுவாகக் குனிந்தான். மூட்டையைத் தரையில் வைத்தான். இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு, ஒவ்வொரு அடியாகப் பின்னால் நகர்ந்தான்.

"சாமி, அது துப்பாக்கி! காலித் துப்பாக்கி! லைசென்ஸ் மடியில கீது, சுட்றாதீங்க சாமி!"

சிப்பாய்கள் திமுதிமுவென்று குதித்தார்கள். இரண்டு பேர் அவனை மண்ணில் முழங்கால் போட வைத்தார்கள். ஒருவன் மூட்டையைப் பிரித்துக் குழலுக்குள் கம்பி விட்டுப் பார்த்தான். காலி. ஏட்டு லைசென்ஸை வாங்கி, முன்னும் பின்னும் படித்தார்.

"உன் பேருதான் கீது. ஆறு மணிக்கு நேரமும் கீது. ஏன்யா சுத்துனே? தண்டோரா கேக்கலியா?"

"தோள்லதாங்க வெச்சிகினு வந்தேன். இந்தத் தெருவுல எறக்கச் சொல்லிட்டாங்க."

"யாரு?"

வேம்புலி கையைக் காட்டினான். கடை வாசலில் உலக்கை காணாமல் போயிருந்தது.

"நானா? இவன வந்து நான் இப்பதான் பாக்கறேன், ஏட்டய்யா," என்றான் நாகேந்திரன். "வரும்போதே மூட்டையாத்தான் வந்தான்."

பக்கத்தில் நின்றவர்கள் எல்லாரும் ஆமாம் ஆமாம் என்றார்கள். ஏட்டுக்கு நடந்தது புரியாமல் இல்லை. அந்தத் தெருவின் வழக்கம் தாலுகா முழுக்கத் தெரியும். ஆனால் நாகேந்திரனின் வீட்டுப் பந்தியில் அவர் பல தடவை உட்கார்ந்திருக்கிறார். அதே சமயம், சிறைக்குப் போகிற அளவுக்கு வேம்புலி ஒன்றும் செய்யவில்லை என்பதும் தெரிந்தது. நல்ல மனுஷன்தான் ராஜசேகரன். எல்லாருக்கும் நல்லவராக இருக்கப் பார்த்தார்.

குனிந்து வேம்புலியின் காதருகில் பேசினார். "இதோ பாரு. மழை வந்துச்சி, குழல்ல தண்ணி பூந்துடும்னு சுத்துனேன்னு சொல்லு. மழைக்குச் சுத்துனா குத்தம் கெடையாது. நான் எழுதிக்கறேன். அஞ்சுதான் ஆவுது, ஒப்படைச்சிட்டு ஊட்டுக்குப் போ."

பிறகு நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "மழைக்கா சுத்துனே?" என்றார்.

வேம்புலி வாயைத் திறக்கும் முன் நாகேந்திரன் முந்திக்கொண்டான். "ஆமா ஏட்டய்யா, சரியான மழை. சட்டுனு அடிச்சி வுட்டுடுச்சி."

"நல்ல மழை," என்றான் உலக்கை எடுத்தவன்.

"எங்க ஊட்டு வடகமே நனைஞ்சி போச்சி," என்றான் இன்னொருவன். சுபேதார் தெருவைக் குனிந்து பார்த்தார். புழுதி கணுக்கால் வரைக்கும் கிடந்தது.

வேம்புலி முழங்காலில் இருந்தபடியே அவர்களைப் பார்த்தான். கொஞ்ச நேரத்துக்கு முன் ஒருத்தனுக்கும் உண்மை வாயில் வரவில்லை. இல்லாத மழை என்றதும் இத்தனை வாய். ஆமாம் என்று அவன் தலையாட்டினால் போதும், ராத்திரிக்கு வீட்டுக் கஞ்சி. அங்கம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. கூடவே, பயத்துக்கு அடியிலிருந்து வேறு ஒன்றும் வந்தது. அவனுக்குக் கோபம் வந்தது. முப்பத்தாறு வயசில் முதல் தடவையாக, அடக்க முடியாத கோபம்.

"மழை பெய்யல," என்றான்.

"வேம்புலி!" என்றார் ஏட்டு.

"பெய்யல ஏட்டய்யா. வெயிலு. தோள்லருந்து எறக்குன்னாரு, துணியில சுத்துன்னாரு. இல்லாட்டி கால ஒடிப்பேன்னாரு. சுத்துனது நான். சுத்தச் சொன்னவரு அவரு."

"நீ உள்ள போவே. எப்ப வருவேன்னு எனக்கே தெரியாது."

"போறேன்."

சுபேதார் முன்னால் வந்து, "துப்பாக்கியை மறைக்கச் சொன்னவனுக்கும் அதே சட்டம்தான்," என்றார். தென்பக்கத்துத் தமிழ். "ரெண்டு பேர் பேரையும் எழுதும்."

கடை வாசலிலிருந்து நாகேந்திரன் இறங்கி வந்தான். வேட்டியை மடித்துக் கட்டியிருந்தவன் அவிழ்த்துவிட்டுக்கொண்டான். மண்ணில் முழங்காலிட்டிருந்தவன் பக்கத்தில் வந்து குனிந்தான்.

"வேம்புலி... மழைன்னு சொல்லிடுப்பா. உனக்கும் நல்லது. சொல்லுப்பா."

வேம்புலி அவன் பக்கம் திரும்பவே இல்லை.

"எழுதிக்கிங்க ஏட்டய்யா," என்றான். "இவரு பேரு நாகேந்திரன். தகப்பன் பேரு எனக்குத் தெரியாது. அவரையே கேளுங்க."