டீயின் மேல் படிந்த ஆடை

எரிந்துபோன தையல்கடையின் பின்மூலையில், இரண்டு கண்ணாடி டம்ளர்களுக்கு முன்னால் முழங்கால் போட்டு உட்கார்ந்திருந்தேன். ஐம்பத்தொரு வயதில் முழங்கால் போடுவது பெரிய காரியம் இல்லை, எழுந்திருப்பதுதான் காரியம். பாதி பிய்ந்த கூரை வழியாகப் பதினோரு மணி வெயில் இறங்கி டம்ளர்கள் மேல் விழுந்தது. ஒன்று காலி. மற்றதில் பாதி டீ. பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டவ், கரிகூடப் படாமல் முழுசாக இருந்தது. தீ அந்த மூலை வரைக்கும் வரவில்லை. சாம்பல் மட்டும் வந்திருந்தது. தீ பிடித்த இடம் முன்பக்கத்து சுவிட்ச் போர்டு. அதை ஐந்து நிமிடத்தில் படம் எடுத்து முடித்திருந்தேன். இந்த டம்ளர்களுக்கு இருபது நிமிடம் ஆகிவிட்டது. கடைக்காரம்மா வாசலில் நின்று, இவ்வளவு அக்கறையாகப் பார்க்கிறாரே என்று நம்பிக்கையோடு என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் இன்சூரன்ஸ் சர்வேயர். இருபத்து நாலு வருடமாக எரிந்ததையும் நனைந்ததையும் இடிந்ததையும் படம் எடுத்து, கீழே இரண்டு வரி எழுதுவதுதான் பிழைப்பு. எங்கள் மொழியில் எல்லாமே 'படும்'. பார்வையிடப்பட்டது, உறுதி செய்யப்பட்டது, இணைக்கப்பட்டுள்ளது. யாரும் எதையும் செய்ததாகவே இருக்காது. எங்கே கேமராவைத் தூக்கக் கூடாது என்று தெரிந்தவன்தான் இந்தத் தொழிலில் நல்ல ஆள். சின்னக் கடைகள் எல்லாவற்றிலும் பின்மூலையில் ஒரு ஸ்டவ் இருக்கும். கடைக்குள் அடுப்பு வைக்கக் கூடாது என்று பாலிசியில் ஏழாவது நிபந்தனையும் இருக்கும். தீக்கும் அந்த ஸ்டவ்வுக்கும் சம்பந்தம் இல்லையென்றால் நாங்கள் அதைத் தாண்டிப் போய்விடுவோம். நானே நூறு ஸ்டவ்களைத் தாண்டியிருப்பேன்.

எல்லாம் அந்த கேமராவால் வந்தது. நாலு மாதத்துக்கு முன்பு, தண்ணீர் புகுந்த ஒரு கிடங்கில் என் போன் நழுவி விழுந்து செத்தது. மறுநாள் வேலைக்கு வேறு வழியில்லாமல், மகள் பிறந்தபோது வாங்கிய கேமராவை அலமாரி மேல்தட்டிலிருந்து இறக்கினேன். அவள் இப்போது வேறு ஊரில் வேலை பார்க்கிறாள். அந்தச் சின்னக் கண்ணாடித் துளையில் கண்ணை வைத்ததும் எனக்கு என்னவோ ஆகிவிட்டது. வளைந்த கார் கதவு வெறும் வளைந்த கார் கதவாகத் தெரியவில்லை. வீட்டுக்கு வந்து ஒவ்வொரு படத்துக்கும் கீழே எழுத ஆரம்பித்தேன், முதலில் நோட்டில், பிறகு ரிப்போர்ட்டிலேயே. இருபது வயதில் மூன்று நோட்டு நிறையக் கதை எழுதி, பத்திரிகைகளுக்கு அனுப்பி, அத்தனையும் போன சுருக்கில் திரும்பி வந்து, ஒருநாள் பழைய பேப்பர்காரரிடம் எடைக்குப் போட்டவன் நான். அது முடிந்துபோன விஷயம் என்று நினைத்திருந்தேன்.

"வீட்டுல குழாய் ஒழுகுது. அதையும் ஒரு படம் எடுத்து எழுதுங்க, அப்பவாவது சரியாகுதா பாப்போம்" என்றாள் மனைவி. ஆனால் நான் குளிக்கப் போயிருந்தபோது நோட்டை எடுத்துப் படித்திருக்கிறாள். வெளியே வந்ததும், காய் நறுக்கிக்கொண்டே, என் பக்கம் திரும்பாமல், "நல்லாருக்கு" என்றாள். எங்களுக்குள் பல வருடமாக மளிகைச் சாமானைப் பற்றிய பேச்சுதான். அந்த ஒரு சொல்லை ஒரு வாரம் வாயில் போட்டு ஊறவைத்துக்கொண்டிருந்தேன்.

தையல்கடைப் படத்துக்கு நான் எழுதியது இது: 'பாதி குடித்த டீயின் மேல் சாம்பல் ஆடையாகப் படிந்திருந்தது. ஸ்டவ்வின் சூடு ஆறும்முன் திரும்பி வந்துவிடலாம் என்று எழுந்து போனவரின் டீ.' ஆடை என்ற சொல் தையல்கடைக்குத் தானாக வந்து பொருந்தியதை நினைத்து நினைத்துப் பூரித்தேன். ஸ்டவ்வின் சூட்டை நான் பார்க்கவில்லை. வாக்கியத்துக்கு அது தேவைப்பட்டது. உண்மையைச் சொல்ல வேண்டும் என்பதற்காக அந்தப் படத்தைச் சேர்த்திருந்தால்கூட மனசுக்கு ஒரு சமாதானம் இருந்திருக்கும். அதற்காகச் சேர்க்கவில்லை. படம் நன்றாக இருந்தது, வரி நன்றாக இருந்தது, யாராவது படிக்க வேண்டும். அவ்வளவுதான்.

படித்தார்கள். மூன்றாவது வாரம் மேனேஜர் கூப்பிட்டார். என்னைவிடப் பதினைந்து வயது சின்னவர்.

"சார், மத்தவங்க ரிப்போர்ட்டப் படிச்சா கொட்டாவிதான் வருது. உங்களோடத மட்டும் ரசிச்சுப் படிக்கறேன்" என்று ஒரு கடிதத்தை நீட்டினார். தையல்கடைக்கு இழப்பீடு மறுக்கப்படுகிறது. ஏழாவது நிபந்தனை மீறப்பட்டுள்ளது. அதற்குக் கீழே, மேற்கோள் குறிக்குள், சாய்ந்த எழுத்தில், ஒரு காற்புள்ளிகூட மாறாமல் என் இரண்டு வாக்கியங்கள். என் வாழ்நாளில் அச்சேறிய முதல் எழுத்து. வெட்கமாக இருந்தது. அதைவிடக் கேவலம், உள்ளே எங்கோ சந்தோஷமாகவும் இருந்தது.

"தீ சுவிட்ச் போர்டுலதான் பிடிச்சுது. நானே எழுதியிருக்கேனே."

"யாரு இல்லேன்னாங்க? ஆனா கடைக்குள்ள அடுப்பு இருந்தாலே போச்சு."

"அந்தப் பக்கத்த எடுத்துட்டு வேற ரிப்போர்ட் தர்றேன்."

"மேல வரைக்கும் போயாச்சு சார்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நான் பாக்காத மாதிரி இருந்திருப்பேன். நீங்கதான் பாக்க வெச்சுட்டீங்களே" என்றார். கிண்டலாகச் சொல்லவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார்.

அன்றைக்கே கேமராவைத் துணியில் சுற்றி அலமாரி மேல்தட்டில் வைத்தேன். மனைவி பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் தையல்கடை அம்மா வீட்டுக்கே வந்துவிட்டார். என் முகவரியை எப்படியோ விசாரித்து வாங்கியிருக்கிறார். திட்டுவார் என்று தயாராகத்தான் இருந்தேன். திட்டியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, எட்டாக மடித்த கடிதத்தைப் பிரித்து மேசையில் வைத்து நீவினார். மனைவி இரண்டு டம்ளரில் டீ கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"இது நீங்க எழுதுனதுதானே சார்?"

"ஆமாம்மா."

"மூணு தடவ படிச்சேன். திரும்பி வந்து குடிக்கலாம்னுதான் எழுந்தேன். முன்னாடி ஏதோ பொசுங்கற வாசனை வந்துச்சு, பாத்துட்டு வந்துடலாம்னு." குரலில் ஒரு வியப்புகூட இருந்தது. "அந்தக் காலி டம்ளர் எங்க வீட்டுக்காரரோடது. அவரு கொதிக்கக் கொதிக்கக் குடிச்சிடுவாரு."

அவர் கணவரை அன்று கடை வாசலில் பார்த்திருந்தேன். கால் சரியில்லாதவர், கடையில் காஜா எடுப்பதும் பட்டன் தைப்பதும் அவர் வேலை. எப்படி இருக்கிறார் என்று கேட்டேன்.

"கை சும்மா இருக்க மாட்டேங்குது சார் அவருக்கு. வீட்டுல இருக்கற சட்டைக்கெல்லாம் பட்டனப் பிரிக்கறாரு, திரும்பத் தெக்கிறாரு. நேத்து முழுக்க அதான்." கடிதத்தின் மேல் விரலை வைத்தார். "இதுக்கு மேல ஒரு மனு போடலாமாம். டீ போட்டதுமே ஸ்டவ்வ அணைச்சுட்டேன் சார், அதுல சூடே இல்ல. அத எழுதித் தாங்க. நீங்க எழுதுனா படிக்கறவங்களுக்குக் கண்ணுல தெரியுது."

அணைந்திருந்தாலும் எரிந்திருந்தாலும் ஒன்றுதான் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். எவ்வளவு அழகாக எழுதினாலும் ஸ்டவ் கடைக்குள்ளேதான் இருக்கும், எழுத எழுத அது இன்னும் நன்றாகத் தெரியும். அதற்குப் பதிலாகப் பேப்பரை எடுத்து, 'சம்பவத்தின்போது அடுப்பு அணைக்கப்பட்டிருந்தது எனத் தெரிவித்துக்கொள்ளப்படுகிறது' என்று எழுதிக் காட்டினேன்.

அவர் பொறுமையாகப் படித்தார். பிறகு கடிதத்திலிருந்த சாய்ந்த எழுத்தைத் தொட்டுக் காட்டினார்.

"இது மாதிரி இல்ல சார். அது மாதிரி."

புதுத் தாள் ஒன்றை எடுத்து வைத்தேன். ஜன்னல் வெயில் நகர்ந்து மேசை விளிம்புக்கு வந்திருந்தது. நாங்கள் தொடாத டீயின் மேல் மெல்ல ஆடை படிந்துகொண்டிருந்தது. இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தால் வெளிச்சம் நேராக டம்ளருக்குள் இறங்கும். அவர் என் பேனாவையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் டம்ளர்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மேசைக்கு அடியில், மடிமேல் இருந்த கையில், என் ஆள்காட்டி விரல், கேமரா பொத்தான்மேல் வைத்ததுபோல மடங்கி, வெயிலுக்காகக் காத்திருந்தது.