உதறித் துவைத்த சட்டைகள்

தையல்காரிக்கு முதலில் கெட்டது குரல். தங்கை போனில் கூப்பிட்டு, "மாமா, அக்காகிட்ட குடுங்க" என்றாள். "அடியே, நான்தான்டி பேசறேன்" என்று இவள் கரகரத்ததும் இருவருக்கும் சிரிப்பு தாங்கவில்லை.

அப்புறம் தோள்வலி. நாளெல்லாம் மிஷினில் குனிந்திருப்பவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும் என்று தைலம் தேய்த்துக்கொண்டாள். ஊசி குத்தாமலிருக்க விரல் நுனியில் மாட்டும் உலோகக் கூடு ஒருநாள் ஏறவில்லை. நுனி உருண்டு, நகம் கிளிமூக்காக வளைந்திருந்தது.

"உடம்பு துரும்பா இளைக்குது, விரல் மட்டும் கொழுக்குது பாருங்க" என்று கணவரிடம் நீட்டினாள். அவர் சிரிக்கவில்லை.

பிறகு படுத்தால் மூச்சடைத்தது. ஜன்னல், கதவு எல்லாம் திறந்தாள். காற்று வாசல்வரை வந்து நின்றுகொண்டது போலிருந்தது.

ஆஸ்பத்திரியில் விலாவில் ஊசி போட்டு, நுரையீரலைச் சுற்றிக் கட்டியிருந்த நீரை எடுத்தார்கள். கொஞ்சம் சதையும் சோதனைக்குப் போனது. முடிவு வந்ததும் டாக்டரம்மா இருவரையும் உட்காரவைத்தார்.

"நுரையீரலைச் சுத்தியிருக்கிற உறையில புற்றுநோய்மா. பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ் தூசியால வர்றது. அந்த மாதிரி வேலை பாத்தீங்களா?"

"நானா? தையல்தாங்க."

"நான் பாத்தேன்" என்றார் கணவர். "பாய்லர் குழாய்க்கு ஆஸ்பெஸ்டாஸ் சுத்தற வேலை. ஆனா எனக்கு ஒரு இருமல்கூட இல்லையேம்மா."

"உங்க துணியை யார் துவைச்சாங்க?"

அவர் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். அந்த நாட்களில், ஜன்னலில்லாத குளியலறையில், ஊறவைக்கும் முன் அவள்தான் ஒவ்வொரு சட்டையையும் உதறுவாள். 'மாவு மில்லுக்கா போயிட்டு வர்றீங்க?' என்று தும்மிக்கொண்டே கேட்பாள்.

அன்றிலிருந்து அவருக்கு வீட்டுக்குள் இருப்புக்கொள்ளவில்லை. மாடிப்படியில் போய்ப் படுத்தார். அவள் சுவரைப் பிடித்தபடி வந்து நின்றாள்.

"உள்ள வாங்க."

"எந்த முகத்தோட வர்றது?"

"எனக்குக் கோபம் இருக்கு. இல்லைன்னு சொல்லல. நீங்க இங்க படுத்துக்கிட்டா நான் யார்மேல கோபப்படறது? சுவத்துமேலயா?"

அவர் எழுந்து உள்ளே போனார்.

மருந்து ஏற்றினார்கள். நீர் மறுபடி சேர்ந்தது, மறுபடி எடுத்தார்கள். படுக்க முடியாததால் அவர் மார்பில் சாய்ந்துதான் தூங்கினாள். அவள் மூச்சுக்குத் திணறும் போதெல்லாம் அவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டார். கால் மரத்தாலும் நகரமாட்டார்.

மழைக்காலம் முடியுமுன், ஒரு மத்தியானம், சாய்ந்தபடியே போய்விட்டாள். தங்கை வந்து தோளைத் தொடும்வரை அவர் அசையவில்லை.