அப்பாவுக்கு ஒரு கைப்பிடி

குளியலறையில் வழுக்கி விழுந்த அப்பா நாளை மாலை ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்புகிறார். சுவரில் பிடித்துக்கொள்ள ஒரு கைப்பிடி வேண்டும். கடையில் வாங்கினால் வேலை முடிந்தது. ஆனால் மகனிடம் புதிதாக, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் ஒரு வைஸும் ரம்பமும் டிரில்லும் இருந்தன. கூடவே கொஞ்சம் திமிரும்.

"நானே செய்றேன்" என்றான்.

மனைவி ஏற இறங்கப் பார்த்தாள். மிக்சியைப் பிரித்துப் போட்டுவிட்டு மறுபடி மாட்டத் தெரியாமல் விழித்த நாளிலிருந்து அவளுக்கு அவன் 'இன்ஜினியர்'.

பழைய இரும்புக் கடையில் அவன் கண்ணில் பட்டது லாரியின் ஸ்பிரிங் பட்டை. லாரியையே தாங்கின இரும்பு அப்பாவைத் தாங்காதா? கடைக்காரர் காட்டிய சாதா பட்டை காலால் மிதித்தாலே வளையும் போலிருந்தது. அதை ஒதுக்கிவிட்டு, ஸ்பிரிங் பட்டையைத் தோளில் போட்டுக்கொண்டு ராஜநடை போட்டு வந்தான்.

மதியம் முழுக்க அறுத்தான். பட்டையில் ஒரே ஒரு கீறல்; ரம்ப பிளேடின் பல்லெல்லாம் காலி. டிரில் கிறீச்சிட்டுப் புகைந்து முனை மழுங்கியது. பக்கத்து வீடு எட்டிப் பார்த்தது. உறுதியான இரும்பைத் தேடி வாங்கிய மகாராஜனுக்கு, அதை அறுக்கத் தன்னிடம் என்ன இருக்கிறது என்று மட்டும் யோசிக்கத் தோன்றவில்லை. தன் புத்தியை நினைத்து அவனுக்கே சிரிப்பு வந்தது. கூடவே பயமும் வந்தது: அப்பா வந்து எதைப் பிடிப்பார்?

"இன்ஜினியர் சார், பேசாம கடையில வாங்கிடலாமா?"

"இரு, இரும்பை மாத்திட்டு வரேன்."

அசடு வழியப் போய், ஒதுக்கிவைத்த அதே சாதா பட்டையை வாங்கி வந்தான். அது ரம்பத்துக்கு மசிந்தது. வைஸில் பிடித்துச் சுத்தியலால் தட்டினால் வளைந்தது. ஓட்டையும் விழுந்தது. மறுநாள் சுவரில் முடுக்கித் தொங்கிப் பார்த்தான். தொப்பையோடு சேர்த்துத் தாங்கியது. கொஞ்சம் கோணல்தான், செய்தவனைப் போலவே. துருப்பிடிக்காமலிருக்க நீலப் பெயின்ட் அடித்து முடிப்பதற்கும் வாசலில் கார் வந்து நிற்பதற்கும் சரியாக இருந்தது.

அப்பா நேரே குளியலறைக்கு வந்து கையை நீட்டினார்.

"தொடாதீங்கப்பா! பெயின்ட் ஈரம்!"

"அப்ப எதைடா புடிக்கிறது?"

வேறு வழியில்லாமல் தோளைக் கொடுத்தான். அப்பா மொத்த பாரத்தையும் போட, ஒரு பக்கமாகச் சாய்ந்தான்.

"இது என்ன இரும்புடா, இப்படி வளையுது?"

"சாதாதான்ப்பா."

மறுநாள் காலையில் அப்பா கைப்பிடியைத் தாண்டி அவன் தோளைப் பிடித்தார்.

"பெயின்ட் காஞ்சிடுச்சுப்பா."

"தெரியும். நட."