பாக்கெட் வைத்த நைட்டி

திண்டிவனத்து வேணி, குழந்தை தூங்கும் நேரங்களில் வீட்டிலேயே நைட்டி தைத்தாள். ஒவ்வொன்றிலும் செல்போன் வைக்க ஒரு பாக்கெட் வைத்தாள். தைத்ததையெல்லாம் விற்க விழுப்புரத்தில் ஒரு துணிக்கடைக்கு எடுத்துப்போனாள்.

"நைட்டிக்கு எதுக்கும்மா பாக்கெட்டு? யாரு வாங்குவாங்க?" என்று முதலாளி சிரித்தார்.

வேணிக்கு முகம் சுண்டிவிட்டது. நைட்டிகளை மடித்துப் பையில் வைக்கத் தொடங்கினாள். அதற்குள், புடவை பார்த்துக்கொண்டிருந்த ஒரு அம்மா எழுந்து வந்தார்.

"போனக் கையில வச்சிக்கினு சமைக்கிறது பேஜாரா இருக்குது. எனக்கு ரெண்டு குடும்மா."

கடையில் வேலை செய்யும் பெண்களும் ஓடிவந்தார்கள். "அக்கா, எனக்கும்!"

பை காலியானது. முதலாளியின் சிரிப்பு நின்றுபோனது.

"அடுத்த வாரம் எத்தினி பீஸ் தருவீங்க?" என்று கேட்டார்.

வேணி நிமிர்ந்து நின்றாள். "நீங்க கேக்கற அளவுக்குத் தர்றேன். வெல மட்டும் நான்தான் சொல்வேன்."