கம்ப்ரசர் தண்ணீர்

பெட்ரோலியம் செத்த உயிரினங்களிலிருந்து வந்தது என்பதை நான் நம்பாதவன். பூமியின் ஆழத்திலேயே உருவாகி, பாறை வெடிப்புகள் வழியாக மேலே கசிகிறது என்பது என் கட்சி. கோவையில் ஒரு கல்லூரியில் பதினோரு வருஷம் இதைச் சொல்லி, துறைத்தலைவர் பாலகோபாலிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன். ஸ்வீடனில் கருங்கல்லைக் குடைந்து எண்ணெய் எடுத்தார்களே என்றால், துளைபோட அவர்களே ஊற்றிய டீசல்தான் அது என்று சிரிப்பார். என்னை ஒருநாளும் முழுசாகப் பேசவிட்டதில்லை.

தொண்ணூற்று மூன்று மார்ச்சில், காரமடைப் பக்கம் கோவிந்தராஜுலு என்ற விவசாயியின் தோட்டத்துக்குப் போனேன். எழுநூறு அடி போர்வெல். சுற்றிலும் கருங்கல்பாறை, மக்கி எண்ணெயாக ஒரு நத்தைகூட அதில் கிடையாது. ஆனால் தொட்டித் தண்ணீரில் எண்ணெய் மினுமினுத்தது. பாலகோபாலின் முகம்தான் முதலில் நினைவுக்கு வந்தது.

பாட்டிலில் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பினேன். முடிவு வரும்வரை போர்வெல்லைத் தொடவே கூடாது, வெளியிலிருந்து எதுவும் கலந்துவிடக் கூடாது என்று சொல்லி, கல்லூரி முத்திரை போட்டு எழுதியும் கொடுத்தேன். கோவிந்தராஜுலு தயங்கினார்.

"ஏனுங்க சார், இது கம்ப்ரசர் வெச்சு..."

குறுக்கே பேச வேண்டாம், பாறைச் சமாச்சாரம் உங்களுக்குப் புரியாது என்றேன். சரிங்க என்று நிறுத்திக்கொண்டார்.

ஜூன் கடைசியில் அறிக்கை வந்தது. மெஷினுக்கு ஊற்றும் ஆயில். குழாய்க்குள் காற்றை அழுத்தித் தண்ணீரைத் தூக்குகிற கம்ப்ரசரிலிருந்து, காற்றோடு சேர்ந்து இறங்கியிருக்கிறது. மாட்டுக்குத் தண்ணீர் காட்டுகிற அத்தனை பேருக்கும் தெரிந்த விஷயம். பாறை படித்த எனக்குத் தெரியவில்லை.

பாலகோபால் சிரித்ததைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். காரமடையில் பார்த்ததைப் பொறுக்க முடியவில்லை. இரண்டு வயசுத் தென்னம்பிள்ளைகள் நூற்றிருபதும் தண்ணீரில்லாமல் கருகி நின்றன. குடத்தில் சுமந்து ஊற்றிப் பார்த்ததாக கோவிந்தராஜுலுவின் மனைவி பங்காரம்மா சொன்னார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றைக்கே அழுத்திச் சொல்லியிருக்கலாமே என்று கேட்டேன். வெட்கங்கெட்ட கேள்விதான்.

"படிச்சவீங்க வேண்டாம்னுட்டீங்க. அதுக்கு மேல எப்படீங்க பேசறது?" என்றார் கோவிந்தராஜுலு.

பதினோரு வருஷம் என் வாயை அடைத்தவனை நான் வெறுத்தேன். இவர் வாயை அடைக்க எனக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை.

கிளம்பும்போது வண்டிவரை கூடவே வந்தார்.

"இனிக் கம்ப்ரசர் போட்டுக்கலாமுங்களா சார்?"

குத்திக்காட்டவில்லை. என் அனுமதிக்காகத்தான் மூன்று மாதமாகக் காத்திருந்தார்.