யில்வா வண்டியின் ஜிர்ர் சத்தம்

சத்தம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் யில்வாவுக்குப் பிடிபடவில்லை. பாட்டு தாழ்ந்த சுரத்துக்கு இறங்கும்போதெல்லாம் வண்டிக்குள் எங்கோ 'ஜிர்ர்' என்றது. ஸ்டீயரிங்குக்குப் பின்னால் என்று காது சொன்னது. அங்கே அழுத்திப் பிடித்தாலும் நிற்கவில்லை.

அவளுடையது ஏ-டிராக்டர். ஒரு பழைய காரின் வேகத்தை முப்பது கிலோமீட்டருக்குள் கட்டிப்போட்டு, பின்சீட்டைக் கழற்றிவிட்டால் அவர்கள் நாட்டில் பதினைந்து வயதிலேயே ஓட்டலாம். சனிக்கிழமை மாலையானால் ஊர்ப் பிள்ளைகள் அதில்தான் சதுக்கத்தைச் சுற்றுவார்கள். வேகம் கிடையாது, அதனால் பாட்டாவது பெரிதாக இருக்கவேண்டும்.

பக்கத்து சீட்டு தங்கை மாய்கெனுடையது. போன வாரம் பாதிச் சுற்றிலேயே அவள் இறங்கிப் போய்விட்டாள். இரண்டு காதிலும் காது கேட்கும் கருவி போட்டிருப்பவள். தாழ்ந்த முழக்கம் அவளுக்கு உயிர், முதுகாலேயே கேட்பாள். இந்த 'ஜிர்ர்' மட்டும் கருவி வழியாக ஊசிபோல் இறங்கியது.

"இனிமே நான் வரலடி. ஹாம்புஸ ஏத்திக்கோ."

வண்டியில் வைத்திருந்த பெரிய ஸ்பீக்கர் பெட்டியை யில்வா வாங்கியதே மாய்கெனுக்காகத்தான். வாரம் முழுக்கச் சத்தத்தைத் தேடினாள். கதவுகளுக்குள் பழைய கம்பளிக் காலுறைகளைத் திணித்தாள். நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் பாத்திரம் தேய்க்கும் பஞ்சை வைத்தாள். நாற்காலிக் காலுக்கு ஒட்டும் கம்பளி வில்லைகளை டாஷ்போர்டு இடுக்குகளில் ஒட்டினாள். 'ஜிர்ர்' அப்படியே இருந்தது.

சதுக்கத்துச் சாஸேஜ் கடையில் சாய்ந்து நின்ற நண்பன் ஹாம்புஸ் கேட்டான்: "என்ன யில்வா, உள்ள ஸ்பூனெல்லாம் கொட்டி வச்சிருக்கியா?"

"உன் வண்டிக்கு இது தேவல. அதுல பாட்டு போட்டா துருதான் கொட்டுது."

"அதிர்வ அடக்குற ஷீட் விக்கிறாங்கல்ல, வாங்கி ஒட்டு."

"காசு நீ தர்றியா?"

சனிக்கிழமை மதியம், வீட்டு முற்றத்தில் அவள் வேறு விதமாக யோசித்தாள். ஒவ்வொரு தகட்டுக்கும் அது துடிக்கிற சுரம் என்று ஒன்று உண்டு. பாட்டில் சுரம் ஓடிக்கொண்டே இருக்கும். தகடு துடித்து அடங்குவதற்குள் எப்படிப் பிடிப்பது? கைபேசியில் ஒற்றைச் சுரத்தை வைத்து மெல்ல மெல்ல ஏற்றினாள். ஓரிடத்தில் 'ஜிர்ர்' தொடங்கியது. அங்கேயே நிறுத்தினாள். இப்போது அது ஓயாமல் ஒலித்தது. ஆனாலும் இடம் தெரியவில்லை.

படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த மாய்கென் எழுந்து வந்தாள். "காதால தேடுற வரைக்கும் கிடைக்காதுடி. உள்ள எல்லாத் தகரமும் ஒண்ணா கத்துது."

கருவிகளைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டு வண்டியை வெளியிலிருந்து உள்ளங்கையால் தடவத் தொடங்கினாள். முழக்கம் கைக்கு மெதுவான மூச்சுபோல இருக்கும். தகடு தகட்டில் மோதுவது அப்படி இருக்காது.

"இங்க மூச்சுதான். இங்கயும் மூச்சுதான்." பின்பக்கம் போனாள். "யில்வா, இங்க எறும்பு ஊருது."

யில்வா இறங்கிப் போய்ப் பார்த்தாள். தங்கையின் கை சிவப்பு முக்கோணத்தின் மேல் இருந்தது. மெதுவாகப் போகும் வண்டி என்று பின்னால் வருபவர்களுக்குச் சொல்ல, ஏ-டிராக்டர் எல்லாவற்றிலும் சட்டப்படி மாட்டவேண்டிய தகடு. டிக்கிக் கதவில் ஓட்டை போட்டு அதைத் திருகியவள் யில்வாதான். தொழிற்சாலையில் பூட்டியதையெல்லாம் சந்தேகப்பட்டவளுக்கு, தான் பூட்டியதைச் சந்தேகப்படத் தோன்றவில்லை.

"அத நான் எவ்வளவு டைட்டா மாட்டினேன் தெரியுமா?"

மாய்கென் அவள் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டு சிரித்தாள். "திருகு ரெண்டும் டைட்தான். மூலை மூணாச்சே."

திருகில்லாத மூலையை அழுத்தினாள். 'ஜிர்ர்' நின்றது. விட்டாள், மறுபடி வந்தது. மூலை கதவில் தட்ட, அந்த நடுக்கம் வண்டியின் உடல் வழியாக முன்னே ஓடி ஸ்டீயரிங் பக்கம் கேட்டிருக்கிறது.

குளிருக்கு ஜன்னல் விளிம்பில் ஒட்டியதுபோக மிஞ்சிய நுரைப்பட்டையை யில்வா முக்கோணத்தின் பின்விளிம்பு முழுக்க ஒட்டினாள். கிழிந்த சைக்கிள் டியூபில் வட்டங்கள் வெட்டித் திருகுகளுக்கு அடியில் கொடுத்தாள். பட்டை பாதி நசுங்கும் வரை மட்டும் முடுக்கினாள். மாய்கென் கருவிகளை மாட்டிக்கொண்டு தன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். அதே சுரத்தை வைத்தார்கள். இப்போது தகரம் தகரத்தைத் தொடவில்லை; முழக்கம் மட்டும் கேட்டது.