சாதுவில் தொடங்கும் தட்டு

பெரியவளுக்குச் சீஸ் தொண்டைக்குள் இறங்காது. இது உலகத்தில் இரண்டே பேருக்குத் தெரியும். ஒருத்தி பெரியவள். இன்னொருத்தி அவளுடைய ஓரகத்தி, வீட்டில் எல்லோருக்கும் சின்னவள், பல்பொருள் அங்காடியின் சீஸ் கவுண்டரில் ஒன்பது வருடமாகக் கத்தி பிடிக்கிறவள். கல்யாணமான புதிதில் சின்னவள் ஆசையாக ஒரு துண்டு கொடுத்தாள். பெரியவள் குளியலறைக்குள் போய்த் துப்பிவிட்டு வந்து, "அருமையா இருக்குடி" என்றாள். கதவு சரியாகச் சாத்தவில்லை என்பது அவளுக்குத் தெரியாது.

சின்னவளுக்கு உயிர் சீஸில்தான் இருந்தது. வெட்டியது போக மிஞ்சும் ஓரத் துண்டுகளைச் சனிக்கிழமை தோறும் ஒரு கூடையில் போட்டு மலிவாக விற்பார்கள். பெரிய ஹோட்டல்காரர்கள் முழுச்சக்கரமாக வாங்குகிற அதே சரக்கு, இங்கே உள்ளங்கை அளவில். அதில் ஒன்றோ இரண்டோ வாங்கி வருவாள். வந்ததும் தின்றுவிட மாட்டாள். காகிதத்தைப் பிரித்து ஒரு மணி நேரம் மேசைமேல் சும்மா வைப்பாள். குளிரில் சீஸுக்கு வாய் கட்டிப்போயிருக்கும், அறைச் சூடு பட்டால்தான் பேசும். பிறகு ஒரு பேரிக்காயை நறுக்கிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்து, மெல்லிய சீவலாக நாக்கில் வைத்துத் தானாக உருக விடுவாள். அந்தப் பத்து நிமிடம் புருஷன் கூப்பிட்டாலும் பதில் வராது.

அதற்கப்புறம் நோட்டை எடுப்பாள். 'மூன்று வருடம் பழுத்தது. பல்லில் நறநறக்கிறது. அடிபிடித்த சர்க்கரை வாசம். சண்டை போட்ட அன்று சாப்பிட நல்லது.' 'செம்மறிப்பால். முதலில் வறுத்த முந்திரி, கடைசியில் மழையில் நனைந்த கம்பளி.' ஆறு வருடத்தில் இரண்டு நோட்டு நிரம்பியிருந்தது. படிப்பு, பட்டம் எதுவும் அவளுக்கு இல்லை. 'இது நான்' என்று காட்ட அவளிடம் இருந்தது அந்த இரண்டு நோட்டுத்தான்.

போன வருடம் அவளுக்குப் பித்தப்பை ஆபரேஷன் ஆனது. பெரியவள் வந்து நாலு நாள் தங்கினாள். சூப் வைத்தாள், தலை வாரிவிட்டாள், ராத்திரி எழுந்து மாத்திரை கொடுத்தாள். வாய் கூசாமல் குறை சொல்ல முடியாது. அந்த நாலு நாளில்தான் இரண்டு நோட்டையும் பக்கம் பக்கமாகப் போனில் படம் பிடித்திருக்கிறாள். இரண்டு மாதத்தில் 'கைக்கு எட்டும் சீஸ்' என்று இணையத்தில் ஒரு பக்கம் தொடங்கினாள். நனைந்த கம்பளிகூட அப்படியே இருந்தது. ஊரான் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்கிற கதைதான். ஆயிரக்கணக்கில் ஆள் சேர்ந்துவிட்டது.

குடும்பம் மொத்தமும் சாப்பிட உட்கார்ந்த ஒரு நாள், சின்னவள் கேட்டே விட்டாள். "அக்கா, அதெல்லாம் என் நோட்டுல இருக்கறதாச்சே?"

பெரியவள் சிரித்தாள். "நீ என்னமோ கிறுக்கி வெச்சிருந்தே. கவுண்டர்ல வெட்டறவளுக்கு எதுக்குடி அதெல்லாம்? சொல்ற விதத்துல சொன்னாத்தான் நாலு பேரு கேப்பாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவளின் புருஷனும் தட்டைப் பார்த்துக்கொண்டே சிரித்தான். சின்னவள் அழவில்லை. எரிச்சலை அப்படியே உள்ளே வைத்து மூடினாள். சீஸ் பழுக்கிற மாதிரி அதுவும் பழுக்கட்டும் என்று விட்டுவிட்டாள்.

இந்த மாதம் மேனேஜர் ஒரு சேதியோடு வந்தார். சனிக்கிழமை மாலை கடையிலேயே ருசி பார்க்கும் கூட்டம். நடத்தப்போவது பெரியவள். "உங்க அக்காவாமே, சொல்லவே இல்லையே? நல்லாப் போச்சுன்னா மாசாமாசம் வெச்சுக்கலாம். நம்ம சீஸ் மூலைக்கு அவங்க பேரையே போட்டுடலாம்னு இருக்கேன்." தட்டு தயார் செய்ய வேண்டியது சின்னவள். அவளுடைய ஆறு வருடத்தின்மேல் இன்னொருத்தி பெயரை ஆணி அடித்து மாட்டப்போகிறார்கள், ஆணியை அவளே எடுத்துக் கொடுக்க வேண்டும்.

பெரியவள் ஐந்து பெயரை வரிசையாக எழுதி அனுப்பினாள். பார்த்ததும் சின்னவளுக்குப் புரிந்தது. நோட்டில் இருந்த வரிசை அது. வாங்கிய தேதிப்படி எழுதியது. மூன்று வருடம் பழுத்தது முதலில், இளசான பசும்பால் சீஸ் கடைசியில்.

ஆனால் தட்டு வைக்கிற முறை வேறு. கவுண்டரில் வேலை கற்கிற முதல் நாளே சொல்லித்தருவது அது. மேலே நடுவில் தொடங்கி, கடிகார முள் போகிற பக்கமாக, சாதுவிலிருந்து முரட்டுக்கு. முரட்டை முதலில் தின்றால் நாக்கு செத்துவிடும், அப்புறம் வருவது எல்லாம் மெழுகு. சீஸை வாயில் போட்டுப் பழகிய யாருக்கும் இதைச் சொல்லவே வேண்டாம். 'அக்கா, தட்டு வரிசை வேற' என்று ஒரு வரி அனுப்பினால் போதும். சின்னவள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கத்தியைத் தீட்டினாள். அவ்வளவு சந்தோஷமாக அவள் என்றுமே கத்தி தீட்டியதில்லை.

வேலையில் ஒரு குறையும் வைக்கவில்லை. தோலை நீக்கினாள், ஒரே அளவாக வெட்டினாள், சரியாக ஒரு மணி நேரம் வெளியே வைத்தாள். பழகாத கண்ணுக்கு ஐந்து துண்டும் கூடப் பிறந்ததுகள் மாதிரி ஒன்றுபோல இருந்தன.

இருபது பேர் வந்திருந்தார்கள். பெரியவள் பட்டுப் போன்ற மேற்சட்டையும் சிரிப்புமாக நின்றாள். "முதல் துண்டை எடுத்துக்கோங்க. மெல்லுங்க. பல்லுல நறநறன்னு உப்புக்கல்லு மாதிரி தெரியுதா?"

வழுக்கைத் தலை வாடிக்கையாளர் ஒருவர் வாயைக் குதப்பினார். "வெண்ணெய் மாதிரில்ல போகுது? நறநறன்னு ஒண்ணும் காணோமே. என் பல்லுதான் போச்சா?"

"பொறுமையா மெல்லுங்க சார். வரும்."

வரவில்லை. இரண்டாவதுக்கு, "மூக்கு வேண்டாம்னு சொல்லும், நாக்கு விடாதேன்னு சொல்லும்" என்றாள். இருபது பேரும் முகர்ந்து பார்த்தார்கள். சாதுவான வெள்ளாட்டுப்பால் சீஸ் அவர்களைத் திரும்பிப் பார்த்தது. மூன்றாவது செம்மறிப்பால், அது மட்டும் தற்செயலாகப் பொருந்தித் தொலைத்தது. பெரியவளுக்குத் தெம்பு வந்துவிட்டது. நாலாவதில் அந்த நறநறப்பு வந்தபோது, அவள் வெள்ளாட்டின் மென்மையைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தாள்.

ஐந்தாவதுக்கு அவள் குரல் கனிந்தது. "இது பச்சைப் பால் மாதிரி. குழந்தைங்களுக்குத் தைரியமாக் குடுக்கலாம்."

ஒரு தாய் நம்பிக் கொடுத்தாள். உப்புநீரில் கழுவிக் கழுவிப் பழுக்கவைத்த சரக்கு அது, கடையிலேயே பெரிய முரடு. குழந்தை ஒரு நொடி யோசித்துவிட்டு அம்மாவின் தோளில் துப்பியது, அப்புறம் கூரை இடிய அழுதது.

மேனேஜர் கவுண்டர் பக்கம் வந்தார். "தட்டை மாத்தி வெச்சிட்டீங்களா?"

"சாதுவிலேருந்து முரட்டுக்கு, எப்பவும் போலத்தான் சார். நீங்க சொல்லிக்குடுத்த முறைதானே" என்றாள் சின்னவள், எல்லோருக்கும் கேட்கும்படி. "அக்கா ஒரு துண்டு வாயில போட்டுப் பாத்தாங்கன்னா எதுன்னு சொல்லிடுவாங்க."

"நான் முன்னாடியே சாப்பிட்டாச்சு" என்றாள் பெரியவள்.

"ஒண்ணே ஒண்ணும்மா" என்றார் வழுக்கைத் தலைக்காரர்.

நாற்பது கண்கள். பெரியவள் கைக்கு வந்த துண்டை எடுத்து வாயில் போட்டாள். மெல்லவில்லை. கண்ணில் நீர் கோத்தது. கைக்குட்டையை வாய்க்குக் கொண்டுபோனவள் அதை எடுக்கவே இல்லை. பின்வரிசையில் யாரோ, "இவங்க சீஸே சாப்பிட மாட்டாங்க போலிருக்கே!" என்று சிரித்தார்கள். சின்னவளுக்கு அந்தச் சிரிப்பு பேரிக்காயோடு உருகுகிற முதல் சீவலைப் போல இனித்தது. இதில் வெட்கப்பட அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

அவள் கையைத் துடைத்துக்கொண்டு முன்னால் வந்து, ஒன்றிலிருந்து ஐந்துவரை சொன்னாள். நோட்டு இல்லாமல், அவசரம் இல்லாமல். ஜனங்கள் மென்றார்கள், தலையாட்டினார்கள். "அட, கம்பளி!" என்றார் வழுக்கைத் தலைக்காரர். மேனேஜர் அடுத்த மாதத் தேதியை அவளிடம் கேட்டார்.

கடையின் பின்வாசலில், அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருந்த இடத்தில், பெரியவள் காத்திருந்தாள். கண் மை கலைந்திருந்தது.

"வரிசை வேறன்னு உனக்குத் தெரியும்ல?"

"தெரியும். வேணும்னேதான் சொல்லல."

"நாலு நாள் உன்னைக் குழந்தை மாதிரி பாத்துக்கிட்டேனேடி."

"அதுக்கு அப்பவே நன்றி சொன்னேன்கா. இப்பவும் சொல்றேன். நோட்டுக்கு நீங்க ஒரு தடவை சொல்லுங்க."

பெரியவள் சுவரில் சாய்ந்தாள். "அந்தப் பக்கத்துலதான்டி தினம் நாலு பேரு என்கிட்ட பேசறாங்க. வீட்டுல யாரு பேசறா? என் புருஷன் ஒரு வார்த்தை பேசி எத்தனை நாளாச்சு தெரியுமா?"

அது பொய் இல்லை என்று சின்னவளுக்குத் தெரிந்தது. இரக்கம் வந்தது. வாசல்வரை வந்து நின்ற அதை அவள் உள்ளே விடவில்லை.

"அந்தப் பக்கத்தை அழிச்சிடுங்கக்கா. இங்கயே, இப்பவே."

பெரியவள் போனை எடுத்தாள். திரையை இரண்டு தடவை தொட்டாள், மூன்றாவது தடவை அழுத்தினாள்.

"ஆச்சு" என்றாள்.

"காட்டுங்க" என்றாள் சின்னவள்.